சாயம் ஏறும் முன்

மதுரைச் சுங்குடிச் சேலையின் வெள்ளைப் புள்ளியை யாரும் வெள்ளைச் சாயம் தொட்டு வைப்பதில்லை. துணியை நகத்தளவு கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். ஒரு சேலைக்கு அப்படி ஆயிரக்கணக்கான முடிச்சுகள். அதன் பிறகே துணி சாயத்தொட்டிக்குள் இறங்குகிறது. முடிச்சு இறுகியிருந்த இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்த பின் இழுத்து அவிழ்த்தால் புள்ளி மலரும். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தக் கைத்தொழிலில், நிறம் பற்றிய முதல் முடிவு சாயத்தொட்டிக்கு வெகு முன்பே, முடிச்சுப் போடும் பெண்களின் விரல் நுனியில் எடுக்கப்பட்டுவிடுகிறது. தளர்ந்த முடிச்சுக்குள் சாயம் கசிந்துவிட்டால் அந்தப் புள்ளியைத் திரும்ப வெள்ளையாக்க வழி கிடையாது. சாயக்காரர் எத்தனை தேர்ந்தவராக இருந்தாலும் சரி.

படத்தொகுப்பு முடிந்த வீடியோவின் நிறத்தைச் சீர்செய்யும் கட்டத்தைத் தமிழ்த் திரையுலகம் டிஐ என்கிறது. அதற்கும் முன்பாக ஒரு முடிச்சு வேலை உண்டு. எடிட்டர் இனி மாற்றமில்லை என்று 'லாக்' செய்த டைம்லைனை எடுத்து, களைய வேண்டியதைக் களைந்து, ஒவ்வொரு ஷாட்டும் எந்தக் கேமராவின் எந்தக் கார்டில் எந்த ஃபிரேமில் தொடங்கி எங்கே முடிகிறது என்ற முகவரிப் பட்டியலோடு, கேமராவில் பதிவான மூலக் கோப்புகளைக் கலரிஸ்ட் கையில் ஒப்படைப்பதே அந்த வேலை. பட்டியலையும் மூலக் கோப்புகளையும் பொருத்துவதைக் 'கன்ஃபார்ம்' என்பார்கள். உதவி எடிட்டர்கள் இரவோடு இரவாக முடித்துக் கொடுக்கும் குமாஸ்தா வேலையாகவே பலரும் இதை எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் தவறு என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். நிறத்தில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்யவே முடியாது என்பது ஒப்படைப்பின்போதே முடிவாகிவிடுகிறது. அங்கே தொலைந்த தகவலை எவ்வளவு விலையுள்ள கருவியும் மீட்டுத் தராது.

இதைச் சோதித்துப் பார்க்க மதுரையைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. காரணம், நிறமே செய்தியாகிவிடும் ஒரு நாள் இந்த ஊருக்கு ஆண்டுதோறும் வருகிறது. சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிய விடியலில் கள்ளழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்குகிறார். அவர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்பதைக் கரையில் நிற்கும் லட்சக்கணக்கானோரும் தொலைக்காட்சி முன் இருப்போரும் காத்திருந்து பார்க்கிறார்கள். பச்சைப் பட்டு என்றால் அந்த ஆண்டு நாடு செழிக்கும் என்பது நம்பிக்கை. வேறு நிறங்களுக்கு வேறு பலன்கள் சொல்வார்கள். நம்பிக்கையைப் பற்றிய வழக்கை ஒதுக்கிவைப்போம். ஒளிப்பதிவின் கண்ணால் பார்த்தால், ஒரு துணியின் நிறத்தைச் சரியாகக் காட்டியாக வேண்டிய கட்டாயம் இத்தனை கூர்மையாக வேறெங்கும் எழுவதில்லை. கல்யாண வீடியோவில் கூறைப்புடவை கொஞ்சம் ஆரஞ்சாகத் தெரிந்தால் மணப்பெண்ணின் அம்மா வருத்தப்படுவார். அழகரின் பச்சைப் பட்டு நீலமாகத் தெரிந்தால் ஊரே கேள்வி கேட்கும்.

அந்த நேரத்து ஒளியோ கேமராவுக்குப் பெரும் சோதனை. அழகர் ஆற்றில் இறங்குவது ஏறத்தாழ ஆறு மணியை ஒட்டி. அந்தப் பருவத்தில் மதுரையில் சூரியன் உதிப்பதும் அதே ஆறு மணியை ஒட்டித்தான். பூமத்திய ரேகைக்கு அருகே இருப்பதால் இங்கே சூரியன் சாய்ந்து சாய்ந்து ஏறாமல் ஏறக்குறையச் செங்குத்தாக மேலே வருகிறது. அடிவானத்துக்கு ஆறு டிகிரி கீழே இருக்கும் சூரியன் விளிம்பைத் தொட இருபது நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாகப் போதும். அந்த இருபது நிமிடத்துக்குள் ஒளியின் அளவு நூறு மடங்குக்கு மேல் பெருகுகிறது. நிறமும் கணத்துக்குக் கணம் மாறுகிறது. சூரியன் எழுமுன் வானம் நீலம் தோய்ந்த ஒளியைத் தருகிறது. ஒளிப்பதிவாளர்கள் இதைப் பத்தாயிரம் கெல்வினை ஒட்டிய கணக்கில் வைப்பார்கள். கரையில் பழைய சோடியம் விளக்கு இருந்தால் அது ஏறத்தாழ 2,000 கெல்வின் மஞ்சள். பக்கத்திலேயே எல்இடி ஃபோகஸ் விளக்குகளின் வெளிறிய வெண்மை. பக்தர்கள் சொம்பில் சர்க்கரை நிரப்பி மேலே ஏற்றிப் பிடிக்கும் சூடத்தின் சுடர் இவை எல்லாவற்றையும்விடச் சிவந்தது. ஒரே பட்டின் மேல் இத்தனை ஒளியும் ஒன்றாக விழுகிறது. சோடியம் விளக்கின் ஆற்றலில் பெரும்பங்கு மஞ்சள் அலைநீளங்களில் குவிந்திருப்பதால், பச்சை இழை திருப்பி அனுப்ப வேண்டிய ஒளி அதனிடம் போதுமானதாக இல்லை. இல்லாத ஒளியைத் துணி எப்படிப் பிரதிபலிக்கும்? பச்சை அங்கே மங்கி, பழுப்பை நோக்கிச் சாய்கிறது.

கரையில் நிற்பவர் இதை உணர்வதில்லை. சூழ்ந்திருக்கும் ஒளியின் நிறத்தை மூளை கழித்துவிட்டுப் பொருளின் நிறத்தை மட்டும் நமக்குத் தருகிறது. மாலை விளக்கொளியிலும் சோறு வெள்ளையாகத் தெரிவது இதனால்தான். கேமராவுக்கு அந்தத் திறமை கிடையாது. வந்து விழும் ஒளியை அது எண்ணிப் போடுகிறது, அவ்வளவே. அந்த எண்களிலிருந்து, கரையில் நின்றவர் கண்ட பச்சையைத் திரும்ப எழுப்புவதே கலரிஸ்டின் வேலை. நாம் கண்ணுக்குள் நொடிப்பொழுதில் செய்வதை அவர் இருட்டறையில் உட்கார்ந்து ஷாட் ஷாட்டாகச் செய்கிறார். அதற்கு அவருக்கு இரண்டு வேண்டும்: கேமரா எண்ணிய எண்கள் குறையாமல் வர வேண்டும்; எந்த எண் எந்தக் கணத்தைச் சேர்ந்தது என்பது தெரிய வேண்டும். முதலாவதை ஆழம் என்றும் இரண்டாவதை முகவரி என்றும் இங்கே குறித்துக்கொள்கிறேன். ஒப்படைப்பு வேலை முழுவதும் இந்த இரண்டையும் காப்பதற்காகவே.

ஆழத்தைக் கணக்காகவே பார்த்துவிடலாம். ஒளி இருமடங்காகும் ஒவ்வொரு படியையும் ஒளிப்பதிவாளர்கள் 'ஸ்டாப்' என்கிறார்கள். நல்ல கேமரா ஒன்று ஏறத்தாழ 14 ஸ்டாப் வரை பதிவு செய்யும். குதிரையின் வயிற்றடி நிழல் முதல் தங்கத்தில் தெறிக்கும் ஒளி வரை அதற்குள் அடங்கும். உணரி ஒளியை நேர்விகிதத்தில் எண்ணுகிறது என்று கொள்வோம். 12 பிட் என்றால் மொத்தம் 4,096 படிகள். இவற்றில் பாதி, அதாவது 2,048 படிகள், மிக வெளிச்சமான ஒரே ஸ்டாப்புக்குப் போய்விடும். அடுத்ததற்கு 1,024, அதற்கடுத்ததற்கு 512. மேலிருந்து பத்தாவது ஸ்டாப்புக்கு வரும்போது மிஞ்சுவது நான்கே படிகள். நிழலில் இருக்கும் முகங்கள் அத்தனையும் அந்த நான்கு படிக்குள் முடங்கும். இந்த அநியாயப் பங்கீட்டைத் திருத்தத்தான் 'லாக்' என்ற மடக்கை முறைப் பதிவு வந்தது. எடிட்டர் செய்யும் லாக் வேறு, இந்த லாக் வேறு. இது எல்லா ஸ்டாப்புக்கும் ஏறத்தாழச் சமமாகப் படிகளைப் பகிர்ந்து கொடுக்கிறது. ஃபிலிமை ஸ்கேன் செய்வதற்காகக் கோடாக் உருவாக்கிய சினியான் முறை 10 பிட்டில் இதைத்தான் செய்தது. 10 பிட்டில் 1,024 படிகள்; பதினான்கால் வகுத்தால் ஸ்டாப்புக்கு எழுபத்து மூன்று. 8 பிட்டில் 256 படிகள், ஸ்டாப்புக்குப் பதினெட்டு. லாக்கில் எடுத்த படம் திரையில் சாம்பல் பூத்ததுபோல் வெளிறித் தெரியும். அந்த வெளிறல் குறையல்ல. சாயம் ஏறாத துணி அப்படித்தான் இருக்கும்.

வைகைக்கு மேலே விடியற்கால வானத்தைக் காட்டும் ஒரு ஃபிரேமை அருகே போய்ப் பார்ப்போம். அடிவானத்தில் வெளிறிய மஞ்சள், மேலே போகப் போகக் கருநீலம். 1,080 வரிசைகள் கொண்ட படத்தில் இந்த மாற்றம் மேலிருந்து கீழ்வரை பரவியிருக்கிறது. 8 பிட் லாக் கோப்பில் இதற்குக் கிடைத்தது 30 படிகள் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு படியும் 36 வரிசை தடிமனுள்ள ஒரு பட்டையாக நிற்கும். பக்கத்துப் பட்டைக்கும் இதற்கும் ஒரே ஓர் எண் வேறுபாடு. அது கண்ணுக்குத் தெரியாது. கலரிஸ்ட் வெளிறலைப் போக்கக் கான்ட்ராஸ்டை மூன்று மடங்கு இழுக்கிறார். இப்போது பட்டைக்குப் பட்டை மூன்று எண் வேறுபாடு. இடையில் வர வேண்டிய இரண்டு எண்கள் கோப்பில் எங்கும் இல்லை. வானம் படிக்கட்டாகிவிடுகிறது. அதே ஃபிரேம் 10 பிட்டில் வந்திருந்தால் 120 படிகள்; பட்டைக்கு ஒன்பதே வரிசை; மூன்று மடங்கு இழுத்தாலும் பட்டைகளுக்கு இடையிலான வேறுபாடு, 8 பிட் கணக்கில் சொன்னால், ஓர் எண்ணைக்கூட எட்டாது. வானம் வானமாகவே இருக்கும். பட்டிலும் இதேபோல ஓர் இழப்பு உண்டு. பல சிறிய கேமராக்கள் வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் எழுதிவிட்டு, நிறத்தை நான்கு பிக்சலுக்கு ஒருமுறைதான் எழுதுகின்றன. பச்சைப் பட்டின் ஓரத்துச் சரிகையும் அதன் மேல் தொங்கும் மாலையும் சந்திக்கும் இடத்தில் நிறத்தின் எல்லை மங்கிப்போகிறது. பட்டுத்துணியை மட்டும் தனியே பிரித்துத் திருத்த முனையும் கலரிஸ்டுக்கு, மாலையின் இலைப் பச்சையும் சேர்ந்துகொண்டு வரும்.

இத்தனை கவனமாக 10 பிட்டில் எடுத்த கோப்பைக்கூட ஒப்படைக்கும் கையால் பாழாக்கலாம். எடிட்டர் வேலை செய்வது பெரும்பாலும் 'ப்ராக்ஸி' எனப்படும் எடை குறைந்த நகல்களில். அது நியாயமானதே; மூலக் கோப்புகளை வைத்துக்கொண்டு சாதாரணக் கணினியில் ஐந்து கேமராக் கோணங்களை மாற்றி மாற்றிப் பார்க்க முடியாது. பார்ப்பதற்கு வசதியாக இருக்கட்டும் என்று அவர் ஒரு லட்டைப் போட்டிருப்பார். லட் என்பது வெளிறிய லாக் படத்தை வழக்கமான தொலைக்காட்சி நிறத்துக்கு மாற்றிக் காட்டும் எண் அட்டவணை. தவறு எங்கே நேர்கிறது என்றால், அந்த லட்டோடு, அந்த ப்ராக்ஸியிலிருந்தே, முழு டைம்லைனையும் ஒரே கோப்பாக ரெண்டர் செய்து "இந்தாங்க, கலர் பண்ணிடுங்க" என்று கொடுக்கும்போது. தங்கக் குதிரையின் மினுக்கத்தில் கேமரா பிடித்து வைத்திருந்த விவரத்தை லட் வெள்ளையாக அறுத்திருக்கும். அதைக் கீழே இழுத்தால் வருவது தங்கம் அன்று, சாம்பல். முடிச்சுக்குள் சாயம் கசிந்துவிட்டது.

இனி முகவரி. ஃபிலிம் காலத்தில் இது கையால் தொட்டுணரக்கூடிய பொருளாக இருந்தது. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் அடிக்கு 16 ஃபிரேம்கள்; விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. நெகட்டிவின் ஓரத்தில் அடிக்கொரு எண் அச்சாகியிருக்கும். எடிட்டர் வெட்டி ஒட்டியதெல்லாம் நெகட்டிவிலிருந்து எடுத்த பிரிண்டை. அவர் முடித்தபின், பிரிண்டின் ஓர எண்ணைப் படித்து, அதே எண்ணுள்ள நெகட்டிவைத் தேடி, வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் வெட்டுவார். ஒவ்வொரு ஒட்டுக்கும் பக்கத்து ஃபிரேம் பலியாகும். தவறாக வெட்டினால் வெட்டியதுதான். பிறகு லேபில் நிறம் பார்ப்பவர் ஒவ்வொரு ஷாட்டுக்கும் சிவப்பு, பச்சை, நீல விளக்குகளுக்கு ஒன்று முதல் ஐம்பது வரை மூன்று எண்களைக் குறிப்பார். ஒரு ஷாட்டின் நிறத்தில் அவரால் தொட முடிந்தது அந்த மூன்று எண்களை மட்டுமே. இன்று கலரிஸ்ட் ஒரு முகத்தை, ஒரு பட்டை, வானத்தின் ஒரு மூலையைத் தனியே தொடுகிறார். தொடக்கூடியது பெருகிய அளவுக்குத் தொலைக்கக்கூடியதும் பெருகியிருக்கிறது. முழு நீளப் படத்தையும் கணினியில் நிறம் மாற்றிய தொடக்ககால முயற்சிகளில் பேர்பெற்றது 2000-இல் வெளியான 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?'. மிசிசிப்பியின் கோடைப் பச்சையை ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் காய்ந்த மஞ்சளாக்கினார். இலையின் பச்சையை மட்டும் தேர்ந்து மாற்ற முடிந்ததற்குக் காரணம், நெகட்டிவிலிருந்து ஸ்கேன் செய்த தகவல் ஆழமாக இருந்ததே.

ஓர எண்ணின் இடத்தை இன்று டைம்கோட் பிடித்திருக்கிறது: மணி, நிமிடம், விநாடி, ஃபிரேம். நம் தொலைக்காட்சி வழக்கப்படி விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு நாளைக்கு 21,60,000 முகவரிகள். எந்த இரண்டு ஃபிரேமும் ஒரே முகவரியைப் பகிராது. கேட்க உறுதியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து கேமராக்களும் தத்தம் டைம்கோடைப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கினால், ஐந்து கார்டிலும் ஒரே எண் இருக்கும். கோப்புப் பெயர்கள் வேறு, பல கேமராக்களில் கார்டை மாற்றியதும் 0001 என்று முதலிலிருந்து எண்ணத் தொடங்கிவிடும். பழைய இடிஎல் பட்டியல் முறையான சிஎம்எக்ஸ் 3600 இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் ரீல் பெயருக்கு எட்டே எழுத்து இடம். நீண்ட பெயர்கள் அறுபட்டு, இரண்டு வெவ்வேறு கார்டுகள் ஒரே பெயராகிவிடுவது அதனால்தான். அப்போது கன்ஃபார்ம் செய்யும் மென்பொருள் தவறான ஷாட்டைக் கொண்டுவந்து வைக்கும். பிழை என்று சொல்லாது, நிதானமாக வைக்கும். அழகரின் முகம் வர வேண்டிய இடத்தில் கரையோரத்துக் கூட்டம் வந்தால் யாரும் கண்டுபிடித்துவிடலாம். அதே கோணத்தில் மூன்று நிமிடம் முன்னால் எடுத்த அழகரே வந்தால்? ஒளி வேறு, நிறத்தை அந்தத் தவறான ஷாட்டுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டு போய்விடுவார்கள். ஃபிரேம் வேகம் பொருந்தாவிட்டால் பிழை இன்னும் நைச்சியமாக வளரும். 25 ஃபிரேமில் எடுத்த நீண்ட ஷாட்டின் பத்தாவது நிமிடம் என்பது 15,000-ஆவது ஃபிரேம். பட்டியல் அதை 24 கணக்கில் படித்தால் 625-ஆவது விநாடி என்று சொல்லும். 25 விநாடி தள்ளிப்போய்விட்டது. கைபேசியில் எடுத்த துண்டுகள் இன்னும் மோசம்; அவை பெரும்பாலும் நிலையான வேகத்திலேயே ஓடுவதில்லை, அவற்றை முதலில் நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொண்டுதான் எடிட்டுக்குள்ளேயே விட வேண்டும்.

இதனால்தான் நல்ல உதவி எடிட்டர் டைம்லைனை ஒப்படைக்குமுன் அதைத் தட்டையாக்குகிறார். ஏழெட்டு அடுக்குகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் ஷாட்களை இயன்றவரை ஒரே அடுக்குக்குக் கொண்டுவருகிறார்; அணைத்து வைத்திருக்கும் ஷாட்களை நீக்குகிறார்; ஒன்றுக்குள் ஒன்றாகப் பொதிந்த டைம்லைன்களைப் பிரித்துப் போடுகிறார். எடிட்டர் தற்காலிகமாகப் போட்ட நிறத்தையும் லட்டையும் கழற்றுகிறார். வேகம் கூட்டிக் குறைத்த ஷாட், அசைவைச் சமன்செய்த ஷாட், பெரிதாக்கிய ஷாட் ஆகியவற்றைக் குறிப்பெழுதித் தருகிறார். இவை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது வழியில் உதிரக்கூடியவை. கடைசியாக, எடிட்டர் பார்த்த அதே வடிவில், ஓரத்தில் டைம்கோட் ஓடும் ஒரு ரெஃபரன்ஸ் வீடியோ. கன்ஃபார்ம் ஆன டைம்லைனின் மேல் இதைப் போட்டு, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்படி மென்பொருளிடம் சொன்னால், பொருந்திய ஷாட் ஏறத்தாழக் கருமையாகிவிடும். ஒரே ஒரு ஃபிரேம் நகர்ந்திருந்தாலும் உருவங்களின் விளிம்பு வெள்ளைக் கோடாகத் துடிக்கும். ஒரு மணி நேரப் படத்தை இப்படிக் கருந்திரையாக ஓடவிட்டு, எங்கே கோடு துடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பது இந்தத் தொழிலின் மிக அமைதியான வேலை. எனக்கு மிகவும் மதிப்பு தோன்றும் வேலையும் அதுதான்.

டைம்கோடுக்கு இன்னொரு பயன் உண்டு. அதை நான் பெரிதாகக் கருதுகிறேன். கேமராவின் டைம்கோடை ஊர்க் கடிகாரத்தோடு பொருத்தி ஓடவிட்டால், ஒவ்வொரு ஃபிரேமும் அந்தக் கணத்தில் சூரியன் எங்கே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. 05:48 என்றால் சூரியன் இன்னும் கீழே. 06:10 என்றால் கரையோரக் கட்டடங்களின் உச்சியில் வெயில். கதை வரிசையில் தாறுமாறாகக் கிடக்கும் ஷாட்களை எடுத்த நேர வரிசையில் அடுக்கித் தரும் முறை டிஐ மென்பொருள்களில் உண்டு. அப்படி அடுக்கினால் ஒளி மாறிய பாதை கண் முன் விரிகிறது. அடுத்தடுத்த ஷாட்களுக்குத் திருத்தமும் சிறிது சிறிதாக மாறினால் போதும். மதுரைச் சமவெளியில் படம் எடுப்பவர்களுக்கு இது வெறும் வசதி அல்ல. பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய 'கூழாங்கல்' மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி வட்டாரத்துப் பாறையும் பொட்டலுமான நிலத்தில் எடுக்கப்பட்டது. 2021-இல் ராட்டர்டாம் திரைவிழாவில் டைகர் விருது பெற்றது. அப்பனும் மகனும் வெயிலில் நடக்கிறார்கள். கதை ஒரே பகலுக்குள் முடிகிறது. ஒரு பகலின் கதையை ஒரு பகலில் எடுக்க முடியாது என்பது எவருக்கும் தெரியும். மதுரை ஏறத்தாழ 9.9 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால், சித்திரை பிறந்த இரண்டொரு நாளில் உச்சிச் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். குச்சியை நட்டால் நிழல் விழாது. புருவ எலும்பின் நிழல் கண்ணை மூடும். செம்மண்ணிலிருந்து எழும் ஒளி தாடையின் அடிப்பகுதியைச் சிவக்க வைக்கும். மூன்று மணி நேரம் கழித்து எடுத்த ஷாட்டை இதற்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு ஊர்கள்போல் இருக்கும். நேரம் தெரிந்தால் கலரிஸ்ட் எதை எதோடு சேர்க்கலாம், எதைச் சேர்க்க முடியாது என்று அறிவார். தெரியாவிட்டால் ஊகிப்பார்.

இதற்கு எழும் மறுப்புகளில் வலுவானவற்றைப் பார்ப்போம். இப்போது எடிட்டும் கலரும் ஒரே மென்பொருளில் நடக்கிறதே, ஒப்படைப்பு எதற்கு என்பது முதலாவது. டாவின்சி ரிசால்வ் 2009-இல் பிளாக்மேஜிக் கைக்கு வந்து, பின்னர் இலவச வடிவிலும் கிடைக்கத் தொடங்கியபின், முன்பு பெரிய டிஐ கூடங்களில் மட்டும் இருந்த கருவி மதுரைச் சந்துகளில் இருக்கும் ஸ்டுடியோக்களுக்கும் வந்துவிட்டது. இது நல்ல மாற்றம். முகவரி பிசகும் வாய்ப்பு இதனால் குறைந்திருப்பதும் உண்மை. ஆனால் மென்பொருளுக்குள்ளேயும் ப்ராக்ஸி உண்டு, அடுக்குகள் உண்டு, எடிட்டரின் தற்காலிக நிறம் உண்டு. ப்ராக்ஸியிலிருந்து மூலத்துக்கு மாற மறந்தால், எடிட்டரும் கலரிஸ்டும் ஒரே ஆளாக இருந்தாலும் வானம் படிக்கட்டாகத்தான் ஆகும். கைமாற்றம் மறைந்தாலும் காக்க வேண்டிய பொருள் மறையவில்லை.

பார்ப்பவர்கள் கைபேசியில், 8 பிட்டில், யூடியூபின் நசுக்கலோடு பார்க்கப் போகிறார்கள். இத்தனை ஆழம் யாருக்கு என்பது இரண்டாவது. முடிவில் 8 பிட் போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இடையில் போதாது. நகைக்கடைக் கணக்கில் ஒவ்வொரு படியிலும் மில்லிகிராமைத் தள்ளிவிட்டு முழுக் கிராமாகவே எழுதிக்கொண்டு போனால் கடைசித் தொகை எங்கோ போய் நிற்கும். கணக்கு முழுவதையும் நுணுக்கமாகப் போட்டுவிட்டு முடிவில் ஒரே ஒரு முறை முழுமையாக்கினால் பிழை அந்த ஒரு படியோடு நின்றுவிடும். நிறத் திருத்தம் என்பது பல பெருக்கல்கள் அடுத்தடுத்து வரும் கணக்கு. மேலும், ஏற்கெனவே பட்டை விழுந்த வானத்தை யூடியூப் நசுக்கும்போது பட்டை இன்னும் பருத்துத் தெரியும்.

மூன்றாவது மறுப்பே இப்போது அடிக்கடி கேட்பது: குறைந்ததைச் செயற்கை நுண்ணறிவு நிரப்பிவிடும். நிரப்பும், உண்மை. பட்டை விழுந்த வானத்தை வழுவழுப்பாக்கும் கருவிகள் இருக்கின்றன, பல ஷாட்களுக்கு அவை போதும். ஆனால் அவை நிரப்புவது பதிவானதை அல்ல, இருந்திருக்கக்கூடியதை. அழகரிடம் திரும்பி வருவோம். பெரும்பாலான ஆண்டுகளில் அவர் உடுத்துவது பச்சை. ஆயிரக்கணக்கான பழைய படங்களைக் கற்ற ஒரு கருவியிடம், சோடியம் ஒளியில் பழுப்பாகிப்போன, நிறத் தகவல் பாதி தொலைந்த பட்டைக் கொடுத்தால் அது பச்சையின் பக்கமே சாயும். பட்டு உண்மையில் வேறு நிறமாக இருந்த ஆண்டிலும் அப்படியே சாயும். ஊர் காத்திருந்து கேட்ட கேள்விக்கு, பதிவு செய்யாமலேயே சராசரியிலிருந்து பதில் சொன்னதாகும் அது.

நான்காவது மறுப்பு பணத்தைப் பற்றியது. அதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. விநாடிக்கு 400 மெகாபிட் வேகத்தில் எழுதும் கேமரா மணிக்கு 180 ஜிகாபைட் நிரப்பும். ஐந்து கேமரா, நான்கு மணி நேரம் என்றால் 3.6 டெராபைட், பாதுகாப்புக்கு இன்னொரு நகல் வைத்தால் இரட்டிப்பு. திருவிழாவைக் காலையில் எடுத்து மாலையில் உள்ளூர் கேபிளுக்குக் கொடுக்க வேண்டியவரிடம் போய் லாக்கும் கன்ஃபார்மும் பேசுவது நியாயமாகாது. அவர் கேமராவிலேயே நிறத்தை முடிவு செய்து எடுப்பதே நேர்மையான வழி. அப்போது முடிச்சுப் போடும் இடம் இன்னும் முன்னால் நகர்கிறது: ஆற்றங்கரையில், அந்த ஒளியில், ஒரு சாம்பல் அட்டையைப் பிடித்து வெள்ளைச் சமநிலையை வைத்துக்கொள்ளும் அந்த அரை நிமிடத்துக்கு. இடைவழி ஒன்றும் உண்டு. கூட்டத்தைக் காட்டும் கேமராக்கள் சிறிய கோப்பாக எடுக்கட்டும்; பட்டை நேராகப் பார்க்கும் ஒரு கேமரா மட்டும் முழு ஆழத்தில் எடுக்கட்டும். 2020, 2021 ஆண்டுகளில் பெருந்தொற்றால் வைகையில் இறங்கும் நிகழ்வு நடக்கவில்லை. அப்படி ஓர் ஆண்டு வரும்போது முந்தைய ஆண்டுகளின் பதிவுக்குத் தனி மதிப்பு வருகிறது. அதை இன்றைய திரையைவிடப் பல மடங்கு வெளிச்சமான திரைக்கு மறுபடி நிறம் பார்க்க வேண்டியும் வரலாம். மூலமும் முகவரியும் இருந்தால் முடியும்.

ஒப்படைப்பில் அதிகம் அலட்சியப்படுத்தப்படும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஷாட் தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் கூடுதலாக விட்டுத்தர வேண்டிய ஃபிரேம்களை 'ஹேண்டில்' என்பார்கள். பொதுவாக இருபக்கமும் அரை விநாடி, ஒரு விநாடி. படத்தில் வராத ஃபிரேம்களுக்கு எதற்கு இடம் என்று சிக்கனம் பார்த்து வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. அழகர் நீருக்குள் இறங்கும் ஆறு விநாடி ஷாட் ஒன்றை எண்ணிப் பாருங்கள். எடிட்டில் அது குதிரை நகரத் தொடங்கும் ஃபிரேமில் ஆரம்பிக்கிறது. பட்டு பச்சையாகவும் இருக்கிறது, எங்கோ மஞ்சள் கலந்தும் இருக்கிறது. அந்த மஞ்சள் துணியினுடையதா, விளக்கினுடையதா என்று ஷாட்டுக்குள்ளேயே பார்த்துத் தீர்மானிக்க முடியவில்லை. கலரிஸ்ட் ஹேண்டிலுக்குள் பின்னோக்கிப் போகிறார். எட்டு, ஒன்பது, பத்து ஃபிரேம். பதினொன்றாவது ஃபிரேமில் இடது ஓரத்துத் தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. பத்தாவதில் அணைந்துவிட்டது, விடிந்ததென்று யாரோ சுவிட்சைத் தட்டியிருக்கிறார்கள்.  இரண்டு ஃபிரேமையும் பக்கம் பக்கமாக வைத்துக் கழித்துப் பார்த்தால், விளக்கு பட்டின் மேல் போட்ட மஞ்சள் எவ்வளவு என்பது எண்ணாகக் கிடைக்கிறது. அந்த மஞ்சள் போனபின்னும் பட்டில் மிச்சம் இருப்பது துணியினுடையதே; அந்தப் பச்சையை அவர் அப்படியே விட்டுவிடுகிறார்.